கமராப் படங்களுக்குக் கைத்தொலைபேசியால் இடம் குறித்தல்: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிந்தவை

ஜீபீஎஸ் இல்லாத கமராவுக்கு, ஜீபீஎஸ்லாகர் போன்ற ஒரு செயலி போதும். அது நடந்த பாதையை ஜீபீஎக்ஸ் கோப்பாக எழுதிக்கொண்டே வரும். பிறகு கணினியில் எக்ஸிஃப்டூல், லைட்ரூம் கிளாசிக் ஆகிய மென்பொருள்களில் ஒன்று, படம் எடுத்த நேரத்தை அந்தப் பாதையோடு பொருத்தி இடத்தைப் பதிக்கும். ஆகவே இடம் பிசகினால் முதலில் பார்க்க வேண்டியது கமராவின் மணிக்கூட்டை.

காலிமுகத்திடலில் நடந்தபடி எடுத்த படத்தில் ஒரு நிமிடப் பிழை என்பது ஏறத்தாழ 80 மீற்றர். கரையோர ரயிலில் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் போகையில் அதே நிமிடம் 650 மீற்றரைத் தாண்டிவிடும். ஒவ்வொரு முறையும் முதற்படமாக, செக்கன் காட்டும் கைத்தொலைபேசித் திரையைக் கமராவால் எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் 9:14:50, படக்கோப்பில் 9:14:10 என்றிருந்தால் கமரா 40 செக்கன் பிந்தியிருக்கிறது. எக்ஸிஃப்டூலில் நேரத் திருத்தத்துக்கான ஜியோசிங்க் பெறுமதியை +40 என்று கொடுத்தால் அன்றைய படங்கள் எல்லாமே சரியாகும். இந்த ஒரு பழக்கம் வேறெந்த அமைப்பையும்விடப் பெறுமதியானது.

அடுத்தது நேர வலயம். ஜீபீஎக்ஸ் கோப்பில் இருப்பது யூடிசி எனும் உலகப் பொது நேரம். இலங்கை நேரம் அதற்கு 5:30 மணி முந்தியது. பழைய கமராக்கள் வலயத்தைப் படத்தில் எழுதுவதில்லை. படக்கோப்புக்குள் விவரங்களை எழுதும் எக்ஸிஃப் தரத்தில் அதற்கென்று இடம் வந்ததே 2016இல்தான். வலயம் இல்லாத படத்துக்கு எக்ஸிஃப்டூல் கணினியின் வலயத்தையே எடுத்துக்கொள்ளும். கொழும்பில் எடுத்துக் கொழும்பில் பதித்தால் தொல்லையில்லை. சிங்கப்பூர் நேரத்துக்கு மாற்றிய கமராவில் எடுத்தவற்றை இங்கே வந்து பதிக்கும்போது +8:00 என்று சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பாதை நடுவில் அறுவதற்குப் பெரும்பாலும் அன்ரொயிட்டின் பற்றரிச் சேமிப்புத்தான் காரணம். திரை அணைந்த பின் செயலியை அது நிறுத்திவிடும். இந்தச் செயலிக்கு மட்டும் பற்றரிக் கட்டுப்பாட்டை நீக்கி, இட அனுமதியை ‘எப்போதும்’ என்று வையுங்கள். நடைக்கு 10 முதல் 15 செக்கனுக்கு ஒரு புள்ளி, ரயிலுக்கு 5 செக்கனுக்கு ஒன்று. அறுந்த இடைவெளி 1800 செக்கன் வரை இருந்தாலும் எக்ஸிஃப்டூல் நேர்கோடு போட்டு நிரப்பிவிடும். போகாத தெருவில் படம் விழுவது இதனால்தான். எக்ஸிஃப்டூலில் இடைவெளிக்கும் பாதை முனைக்கும் உள்ள இரண்டு வரம்புகளையும் 120 செக்கனாகக் குறைத்தால் அத்தகைய படங்கள் இடமின்றி நிற்கும், கையால் குறித்துக்கொள்ளலாம்.

கோட்டையில் உலக வர்த்தக மையக் கோபுரங்களை ஒட்டி நடக்கையில் சமிக்ஞை சுவர்களில் பட்டுத் தெறிப்பதால் புள்ளிகள் வீதிக்கு அப்பால் தாவும். பதிவுச் செயலியில் துல்லிய வரம்பை (அதைவிடப் பிழை கூடிய புள்ளிகளை ஒதுக்கும் அமைப்பை) 40 மீற்றரில் வைத்தால் மோசமான தாவல்கள் பல கழிந்துவிடும், எல்லாம் அல்ல.

கமராவை புளூடூத்தில் இணைத்து உடனுக்குடன் இடம் பதிக்கும் செயலிகளும் உண்டு. வசதிதான். ஆனால் கமரா உறங்கி எழுந்ததும் இணைப்பு மீளச் சில செக்கன்கள் ஆகும். அதற்குள் எடுத்தவை இடமின்றிப் போகலாம். பாதைப் பதிவையும் கூடவே ஓடவிடுங்கள்.

படங்களைப் பொதுவெளியில் இடுபவர்கள், வீடு இருக்கும் இடம் வெளியே தெரியாதிருக்க, வெள்ளவத்தை ஒழுங்கையில் வீட்டு வாசலில் அல்ல, காலி வீதிக்கு வந்த பின் பதிவைத் தொடங்குங்கள்.