கையா, குச்சியா, திறந்த கதவா: பயந்த பட்ஜியைப் பழக்க எது நல்ல வழி?

பட்ஜி என்ற சின்னக் கிளி புதிதாக வந்தால், அதன் முதல் வாரம் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். நாம் கூண்டருகே போனால் அது எதிர்ப்பக்கக் கம்பியில் போய் ஒட்டிக்கொள்ளும். கையை உள்ளே விட்டால் நாலா பக்கமும் மோதிப் பறக்கும். "இது பழகாது போல" என்று அந்த வாரத்திலேயே கைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலான பட்ஜிகள் பழகும். எந்த வழியில் பழக்குகிறோம் என்பதைப் பொறுத்து அது மூன்று வாரத்திலும் நடக்கலாம், ஆறு மாதமும் ஆகலாம்.

நம்மில் பலர் 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்வது பெரும்பாலும் பட்ஜியைத்தான். உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த, குட்டை வால் கொண்ட வேறொரு கிளி. பட்ஜி ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்பகுதிகளில் கூட்டம் கூட்டமாகத் திரியும் பறவை. எடை 30 முதல் 40 கிராம்தான். காட்டில் அதைப் பிடித்துத் தின்பவற்றில் பருந்தினங்கள் முக்கியமானவை, அவை மேலிருந்து பாய்பவை. கண்கள் தலையின் இருபுறமும் இருப்பதால் தன்னைச் சுற்றி ஏறக்குறைய எல்லாமே அதற்குத் தெரியும். தலைக்கு மேலே விரித்த ஐந்து விரல்களோடு ஒரு கை வந்தால் அது என்ன நினைக்கும்? கீழே சொல்லும் ஒவ்வொரு வழியையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

முதலில், பிடித்துப் பழக்குவது. துணியால் பிடித்து, அடங்கும்வரை கையில் வைத்திருந்து, தினமும் அதையே செய்யச் சொல்வார்கள். பலன் கண்ணுக்கு உடனே தெரியும், அதனால்தான் இந்த யோசனை இன்னும் சாகவில்லை. நானும் என் முதல் பறவையிடம் இதைச் செய்தேன். நான்காம் நாளே விரலில் அசையாமல் உட்கார்ந்தது, பழகிவிட்டது என்று மகிழ்ந்துபோனேன். இறகுகள் உடலோடு ஒட்டி, கழுத்து நீண்டு, கண் இமைக்காமல் அது உட்கார்ந்திருந்ததன் பொருள் அப்போது எனக்குத் தெரியவில்லை. தப்ப வழியில்லை என்று அது கைவிட்டிருந்தது. பிடிப்பதை நிறுத்திய பிறகு, நான் அறையில் இருக்கும்போது அது தானியம் கொத்தவே இரண்டு மாதம் ஆனது. அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

இதில் உடல் சார்ந்த ஆபத்தும் உண்டு. பறவைகளுக்கு நம்மைப்போல் உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போய்வரும். நெஞ்சைச் சுற்றி இறுக்கிப் பிடித்தால் மூச்சே நின்றுவிடலாம். நகம் வெட்டவோ மருந்து கொடுக்கவோ பிடிக்க வேண்டிய நாள் வரத்தான் செய்யும். அதை முடிந்தால் பழக்குபவர் செய்யாமல் வீட்டில் வேறொருவர் செய்யட்டும்.

சிறகு வெட்டுவதையும் இதே வரிசையில்தான் வைப்பேன். ஜன்னலில் மோதாமல் இருக்க என்று பாதுகாப்புக் காரணம் சொல்பவர்கள் உண்டு, அது தனி விவாதம். நம்பிக்கையை வளர்க்க அது உதவாது. ஓட முடியாத பறவை நம் அருகில் இருப்பதற்கு நம்மைப் பிடித்திருக்கிறது என்று பொருளில்லை. இறகு உதிர்ந்து புதிது முளைத்ததும் உண்மை தெரிந்துவிடும்.

அடுத்தது, பெரும்பாலோர் கைக்கொள்ளும் வழி: கையில் தினைக்கதிர். பட்ஜிக்குத் தினைக்கதிர்மேல் இருக்கும் ஆசை அலாதியானது. கூண்டருகே சும்மா உட்கார்ந்து மெல்லிய குரலில் பேசுவதில் தொடங்கி, கம்பி வழியாக நீளக் கதிரை நீட்டி, பிறகு கதவு வழியாக, நாளாக ஆகக் கதிரின் நீளத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால், ஒருநாள் அது விரல்மேல் கால் வைத்துத்தான் தின்ன வேண்டியிருக்கும். கை எப்போதும் அதன் நெஞ்சு மட்டத்துக்குக் கீழிருந்தே வர வேண்டும். தனிக் கருவி வேண்டாம், நேரம் பார்த்துச் செய்யும் திறமையும் பெரிதாக வேண்டாம். இளம் பறவைக்கு இதைவிட எளிய வழி இல்லை.

பலர் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. தினைக்கதிரை நாள் முழுக்கக் கூண்டில் தொங்கவிட்டால், நம் கையில் இருப்பதற்கு மதிப்பு இருக்காது. அதற்காகப் பட்டினி போட்டுப் பழக்கவே கூடாது. இவ்வளவு சிறிய உடல் ஒருநாள் பசியைக்கூடத் தாங்காது. வழக்கமான தீனி எப்போதும் இருக்கட்டும், கதிர் மட்டும் நம் கையிலிருந்து கிடைக்கட்டும். இரண்டாவது, அவசரம். கதிரைக் கொத்தியதுமே கையை இன்னும் அருகே கொண்டுபோகத் தோன்றும். பறவை உடலைப் பின்னுக்குச் சாய்த்தால் அதுதான் அன்றைய எல்லை. அந்த இடத்தில் கையை அசைக்காமல் நிறுத்துங்கள். இன்னும் பதற்றமாக இருந்தால் கொஞ்சம் பின்வாங்குங்கள்.

மூன்றாவது வழியான குச்சிப் பயிற்சிமேல்தான் எனக்கு மதிப்பு அதிகம். ஒரு மெல்லிய குச்சியைக் கம்பி வழியாகக் காட்டுவோம். பறவை ஆர்வத்தில் அதன் நுனியை அலகால் தொட்ட அதே நொடியில், கிளிக்கர் என்ற சிறு கருவியால் 'கிளிக்' என்று ஓர் ஒலி, உடனே ஒரு கடி தினை. எதற்காகத் தீனி கிடைத்தது என்று அந்த ஒலி துல்லியமாகச் சொல்லிவிடுகிறது. சில நாட்களில் குச்சி போகும் இடமெல்லாம் பறவை தானாக நடந்து வரும். கிளிக்கர் ஒலிக்கு மிரண்டால் நாக்கால் 'டொக்' என்று சொன்னாலே போதும். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நிமிடம், அதற்கு மேல் வேண்டாம்.

கையைக் கண்டாலே நடுங்கும் பறவையிடம் கதிர் முறை பல நேரம் முதல் படியிலேயே நின்றுவிடும், ஏனென்றால் பயப்படும் பொருளே தீனியோடு சேர்ந்து வருகிறது. குச்சி முறையில் கை தூரத்தில் இருக்கிறது. தொடுவதா வேண்டாமா என்பதும் பறவையின் முடிவு. தான் செய்ததற்குப் பலன் கிடைக்கிறது என்று புரிந்த பறவையிடம் ஒரு தெம்பு தெரியும். குறை என்னவென்றால், ஒலியின் நேரம் பிசகினால் பறவை குழம்பும். முதல் ஒரு வாரம் அதைவிட நாம்தான் அதிகம் கற்றுக்கொள்கிறோம்.

நான்காவது, கதவைத் திறந்துவிட்டுக் காத்திருப்பது. கூண்டுக்குள் நுழையும் கை அதன் வீட்டுக்குள் நுழையும் கை, ஒதுங்க இடமில்லை. அதே பறவை வெளியே, பறந்துபோக வழி இருக்கும்போது, அதே கையை அமைதியாகப் பார்ப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலையும் கண்ணாடியையும் திரையால் மூடி, திறந்த தண்ணீர்ப் பாத்திரங்களை அகற்றி, ஏதாவது படித்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள். நான்ஸ்டிக் பாத்திரம் அதிகமாகச் சூடானால் வரும் புகை பறவையைக் கொன்றுவிடும், அதையும் மறக்கக் கூடாது. மிக மெதுவான வழி இது. திரும்பக் கூண்டுக்குப் போகத் தெரியாத பறவையைத் துரத்திப் பிடிக்க நேர்ந்தால் பல வார உழைப்பு பாழ். அதனால் குச்சியைப் பின்தொடரக் கற்ற பிறகே கதவைத் திறப்பது நல்லது.

எந்தப் பறவைக்கு எது என்று பார்க்க வயது உதவும். குஞ்சுப் பருவத்தில் நெற்றிக் கோடுகள் அலகின் மேலுள்ள சதைப் பகுதிவரை இறங்கியிருக்கும். மூன்று நான்கு மாதத்தில் முதல் முறை இறகு உதிரும்போது அவை மறைந்து நெற்றி கோடில்லாமல் ஆகிவிடும். முழு மஞ்சள் போன்ற சில நிறங்களில் இந்த அடையாளம் தெரியாது. கோடு தெரியும் பறவைக்குக் கதிர், ஏற்கெனவே மிரண்ட பெரிய பறவைக்குக் குச்சி என்று தொடங்குவேன்.

ஒன்றா இரண்டா? ஒற்றைப் பறவை சீக்கிரம் பழகும் என்பது பொதுவாக உண்மைதான். ஆனால் கூட்டத்தில் வாழப் பிறந்ததை, நாம் வெளியே போகும் நேரமெல்லாம் தனியே விடுவதற்கு எனக்கு மனம் வருவதில்லை. இரண்டு இருந்தால் துணிச்சலானதோடு தொடங்குங்கள். மற்றது பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கும், ஒருநாள் அதுவும் எட்டிப் பார்க்கும்.

விரலில் ஏற்றும் கட்டத்தில் குச்சியும் கதிரும் சேர்ந்துகொள்ளலாம். குச்சிக்கும் பறவைக்கும் நடுவில் விரலைக் கிடையாக வைத்தால், நுனியைத் தொட அது விரலைத் தாண்டியாக வேண்டும். முதலில் ஒரு கால், பிறகு இரண்டு கால். உங்கள் அருகில் ஒற்றைக்காலில் நின்று அலகை மெல்ல நறநறவென்று அரைத்தால் அது நிம்மதியாக இருக்கிறது. இறகு உதிரும் காலத்தில் மட்டும் இந்த முன்னேற்றம் பின்னோக்கிப் போகும். புதிதாக முளைக்கும் இறகுக் குருத்துகளில் பட்டால் வலிக்கும், அதனால் சிடுசிடுப்பாக இருக்கும். அந்த வாரங்களில் விரலை மறந்துவிட்டு, கம்பி வழியாக நீளக் கதிரை நீட்டுவதற்கே திரும்பிப் போங்கள்.