பரந்தனுக்குப் போய் மகளுக்கு மோதிரக் கல் தேடிய கதை

மகளுக்கு வைரம் வேண்டாமாம். நிச்சயதார்த்த மோதிரத்தில் இலங்கைச் சஃபையர்தான் இருக்க வேண்டும், அதுவும் நிறம் கூட்ட அடுப்பில் சூடு போடாத, நிறம் ஏற்றாத, மண்ணுக்குள்ளிருந்து வந்தபடியே இருக்கிற கல்லாக வேண்டும் என்று சொல்லித்தான் என்னைக் கனடா ஸ்காபரோவிலிருந்து அனுப்பினாள். வன்னியில், பரந்தனில் சின்னம்மா வீட்டில் நாலு கிழமை நிற்பதாகத் திட்டம். ஒரு மோதிரத்துக்கு அது தாராளம் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

சின்னம்மாவிடம் சொன்னதுமே முதல் தடை. "நீலக் கல்லோ? அது சனியின்ரை கல்லடா. மூண்டு இரவு தலையணைக்குக் கீழை வைச்சுப் பாக்காமல் ஒருத்தரும் போடுறேல்லை." சஃபையர் என்றால் நீலம் மட்டும் இல்லை என்று அவருக்கு விளங்கப்படுத்த ஒரு பின்னேரம் போனது. எல்லாம் குருந்தம் என்கிற ஒரே கனிமம்தான் (வெள்ளைக்காரன் கொரண்டம் என்று சொல்வதே எங்களிடமிருந்து எடுத்த சொல்). சுத்தமான குருந்தத்துக்கு நிறமே கிடையாது. இரும்பும் டைட்டானியமும் துளியளவு சேர்ந்தால் நீலம், குரோமியம் கொஞ்சம் சேர்ந்தால் இளஞ்சிவப்பு, அது கூடினால் மாணிக்கம். மஞ்சளும் உண்டு, அதைத்தான் சோதிடர்கள் கனக புஷ்பராகம் என்கிறார்கள். குருவின் கல் என்றதும் சின்னம்மாவின் முகம் மலர்ந்தது. சரி, மஞ்சளே தேடுவோம் என்று முடிவானது.

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் ஒரு நகைக்கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம். உபசரிப்பில் ஒரு குறையும் இல்லை, ஏசி, குளிர்ந்த சோடா, பொறுமையாகப் பேசுகிற பொடியன். இரண்டு காரட்டுக்குக் கொஞ்சம் கூடிய மஞ்சள் கல் ஒன்றை எடுத்து விளக்குக்குக் கீழே வைத்தான், எலுமிச்சம்பழ நிறம், பார்த்தவுடன் பிடித்துவிட்டது. "ஹீட் பண்ணினதோ தம்பி?" என்று கேட்டேன். "இல்லை அண்ணை, நூறு வீதம் நச்சுரல்" என்றான். நான் ஏமாந்த இடம் இதுதான். நச்சுரல் என்பது ஒரு கேள்விக்குப் பதில், சூடு போடாதது என்பது வேறொரு கேள்விக்குப் பதில். அடுப்பில் வைத்த கல்லும் மண்ணில் பிறந்த கல்தானே, அதனால் நச்சுரல் என்று சொன்னவன் பொய் சொன்னதாகவும் ஆகாது. சான்றிதழ் என்று தந்தது கடையே அச்சடித்த அட்டை. பற்றுச்சீட்டில் "மஞ்சள் கல் 1" என்று மட்டும் எழுதியிருந்தது. பிடிக்காவிட்டால் திருப்பி எடுப்போம் என்று வாயால் சொன்னதை நம்பி முழுக்காசையும் கட்டினேன். வெளிநாட்டில் ஒரு தேநீர்க் கோப்பைக்குக்கூடச் சீட்டை வாசிக்கிறவன், ஊரில் வாசிக்கவில்லை.

மோதிரம் செய்ய வவுனியாவில் ஒரு பத்தரிடம் போகச் சொன்னார்கள். வயதானவர், பட்டறை வீட்டோடு. கல்லை வாங்கி வெள்ளைத் தாளில் கவிழ்த்து வைத்தார், பிறகு பக்கவாட்டில் பிடித்துக் காட்டினார். அடி நுனியில் மட்டும்தான் மஞ்சள், மற்ற இடமெல்லாம் தண்ணீர் மாதிரி வெறுமை. மேலிருந்து பார்த்தால் அந்த நுனியின் நிறம் கல் முழுக்கப் பரவித் தெரிகிறது. "வெட்டினவன் கெட்டிக்காரன்" என்று சிரித்தார். நிறம் ஒரே சீராக இல்லாத இலங்கைக் கல்லை இப்படி வெட்டுவது பழைய வழக்கமாம், மோசடி இல்லை, ஆனால் விலை பேசும்போது தெரிந்திருக்க வேண்டும். சூடு போட்டதா என்று கேட்டேன். "அது எனக்குத் தெரியாது தம்பி. கண்ணாலை பாத்துச் சொல்லுறன் எண்டு ஆரும் சொன்னால் நம்பாதையுங்கோ." அந்தப் பயணத்தில் நான் கேட்ட மிக நேர்மையான வாக்கியம் அது. அந்த இடத்திலேயே மோதிர வேலை இவருக்குத்தான் என்று தீர்மானித்துவிட்டேன்.

அவர் லென்ஸைத் தந்து என்னையும் பார்க்கச் சொன்னார். பத்து மடங்கு லென்ஸில் சில கற்களுக்குள் பட்டு நூல் போல மெல்லிய ஊசிகள் தெரியும், ரூட்டைல் என்கிற கனிமம் அது. கூரான ஊசிகள் உடையாமல் கிடந்தால் கடும் சூடு படவில்லை என்பதற்கு நல்ல அறிகுறி, சூட்டில் அவை கரைந்து புள்ளி புள்ளியாகிவிடும். என் கல்லிலோ ஒன்றுமே இல்லை, அவ்வளவு சுத்தம். சுத்தமான கல்தான் ஆபத்து, பார்த்துச் சொல்ல அதற்குள் எதுவும் இல்லை. 1970களில் தாய்லாந்துக்காரர்கள் எங்கள் நாட்டில் கெவுட என்று ஒதுக்கிக் கிடந்த பால் நிறக் கற்களை வாங்கிக்கொண்டுபோய் 1,500 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக்கி நல்ல நீலமாக்கி விற்றார்கள், அப்புறம் இங்கேயும் அடுப்பு வந்தது. சூடு போட்ட கல்லின் நிறம் நிலையானது, அதை வாங்குவதில் ஒரு தப்பும் இல்லை, சொல்லி அதற்குரிய விலைக்கு விற்றால். பெரிலியம் என்கிற தனிமத்தைக் கல்லுக்குள் ஏற்றி மஞ்சளாக்குவதும் செம்மஞ்சளாக்குவதும் இன்னொரு கூத்து, 2000க்குப் பிறகு பெரிதாகப் பேசப்பட்டது, அதைப் பிடிக்க ஆய்வுக்கூடத்திலேயே விலை கூடிய கருவி வேண்டும்.

ஆகவே இரவு பஸ் ஏறிக் கொழும்பு. அங்கே தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையிலும் ஆய்வுக்கூடம் இருக்கிறது, தனியார் கூடங்களும் உண்டு. நான் கொடுத்த இடத்தில் வந்த பதில்: இயற்கைக் குருந்தம், சூடாக்கிய அடையாளம் உண்டு. தாளைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கிளிநொச்சிக் கடையில் காசு திரும்பக் கிடைக்கவில்லை. முதலாளி கோபப்படவில்லை, பொடியனும் தலையைத் தொங்கப் போட்டான், ஆனால் "காசாகத் தரமாட்டம் அண்ணை, நகையா எடுங்கோ" என்பதில் மட்டும் உறுதி. என்னிடம் எழுத்தில் ஒன்றும் இல்லையே, என்னத்தைச் சண்டை பிடிப்பது? சின்னம்மாவின் பேத்திக்கு ஒரு சங்கிலி வாங்கிக்கொண்டு வந்தேன். மகளுக்குப் போன காசு பேத்திக்கு.

இரண்டாவது கல், இரத்தினக்கல் வியாபாரத்துக்குப் பேர்போன பேருவளைச் சீனன்கோட்டையில். கூட்டாளி ஒருவர் அறிமுகப்படுத்திய முஸ்லிம் வியாபாரி, நல்ல தமிழ், நாங்கள் பேசுவதுபோல் இல்லை, ஆனால் நெஞ்சோடு ஒட்டுகிற தமிழ். வன்னி மண்ணில் நெல் விளையும், கல் விளையாது, இரத்தினபுரிப் பக்கம் எடுக்கிற கல் எங்களூர்க் கடைக்கு வரும்போது நாலு கை மாறியிருக்கும் என்பதை அங்கே உட்கார்ந்தபோதுதான் யோசித்தேன். மஞ்சளில் என் காசுக்கு ஏற்றது கிடைக்கவில்லை. மகளுக்கு வீடியோவில் காட்டினேன், அவள் தெரிவுசெய்தது இளஞ்சிவப்பு, ஒன்றரைக் காரட், உள்ளே பட்டு ஊசிகள் தெளிவாக. ஆனால் இளஞ்சிவப்பில் ஊதா மங்கலை எடுக்கக் குறைந்த சூடு போதும், அந்தச் சூட்டுக்கு ஊசிகள் அசையாமலும் இருக்கலாம் என்பதால் இந்த முறை ஒரே நிபந்தனை: ஆய்வு அறிக்கை வந்த பிறகுதான் காசு, சூடு என்று வந்தால் வியாபாரம் இல்லை. அவர் முகம் சுளிக்கவில்லை, தாளில் எழுதியே தந்தார். அறிக்கையில் சூட்டின் அடையாளம் இல்லை என்று வந்தது.

பத்தர் நாலு நாள் என்றார், ஒன்பது நாள் எடுத்தார், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போன உதவிப் பொடியன் திரும்பி வரவில்லையாம். தாமதத்தைத் தவிர வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கல்லைப் பிடிக்கும் நகங்கள் 22 காரட் தங்கத்தில் மென்மையாக இருக்கும், நாளாந்தம் போடுகிற மோதிரத்துக்கு 18 நல்லது என்று அவரே சொன்னார். பற்றவைக்கும் வேலையெல்லாம் முடித்த பிறகுதான் கல்லைப் பதித்தார். கனடாவில் பிறகு விரல் அளவு மாற்றினாலும் கல்லைக் கழற்றாமல் நெருப்புக் காட்ட விடவேண்டாம் என்றார், பற்றவைக்கப் போடும் வெண்காரம் சூட்டோடு சேர்ந்து இந்தக் கல்லின் மேல்முகத்தையே அரித்துவிடுமாம். செய்கூலி, தங்க எடை, கல்லின் எடை எல்லாம் பற்றுச்சீட்டில் தனித்தனியாக எழுதித் தந்தார், நான் கேட்கக்கூட இல்லை.

மோதிரம் பரந்தன் வந்து சேரும்போது நான் பறக்க இரண்டு இரவுதான் மிச்சம். இது நீலம் இல்லை, சனிக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று எவ்வளவோ சொன்னேன். "கல்லு கல்லுத்தான்" என்று சின்னம்மா அதை வாங்கித் தன் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டார். புறப்படும் காலையில் எடுத்துத் தந்தபோது, மூன்று இரவு ஆகவில்லையே என்று சீண்டினேன். ஒன்பது நாள் பத்தரிடம் இருந்ததையும் சேர்த்துக் கணக்குப் பண்ணியாயிற்றாம்.