டெஃப்டோன்ஸ் 'வொயிட் போனி' பழைய சிடி: 11 பாட்டு கேட்டேன், 12 வந்தது

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன், பாட்டுக்கு அப்புறம் வருவோம். டெஃப்டோன்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் 'வொயிட் போனி' ஆல்பத்தை ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். '11 பாட்டு, முதல் பதிப்பு' என்று விவரத்தில் போட்டிருந்தார். விலை 650 ரூபாய், கூரியர் தனி. குழித்துறைக்கு வந்து சேர ஒன்பது நாள் ஆனது. பெட்டியின் மூலையில் விரிசல் இருந்தது, பழசு என்றால் அப்படித்தான், அதை விடுங்கள். திருப்பிப் பார்த்தால் பின்னட்டையில் 12 பாட்டு. அந்த அதிகப் பாட்டு கடைசியில் இருந்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன், இதுவோ வாசலை மறித்துக்கொண்டு முதல் இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

ஒன்று கூடத்தானே வந்திருக்கிறது, இதற்கா இவ்வளவு புலம்பல் என்று கேட்பவர்களுக்கு அந்தக் கதையைச் சொன்னால்தான் புரியும். இந்த ஆல்பம் முதலில் வந்தது 2000 ஜூன் 20. அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் விற்பனைப் பட்டியலில் நேராக மூன்றாம் இடம். அதுவும் போதாது, ரேடியோவில் ஓட ஒரு பாட்டு வேண்டும் என்று ரெக்கார்டு கம்பெனி நெருக்க, ஆல்பத்தின் கடைசிப் பாட்டான 'பிங்க் மேகிட்'டிலிருந்து ஒரு துண்டை எடுத்து, ராப் சேர்த்து, 'பேக் டு ஸ்கூல்' என்று ஒரு பாட்டைச் செய்து, அதே வருடம் அக்டோபரில் வந்த மறுபதிப்பில் முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். எனக்கு வந்தது அதுதான். பாட்டு மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விருந்தில் இலை போட்டதும் பாயசத்தை ஊற்றிவிட்டு அதன்மேல் சோறு வைத்த மாதிரி இருக்கிறது. பாடகர் சீனோ மொரேனோவே பின்னாளில் அது தப்பு என்றுதான் பேசியிருக்கிறார்.

எங்கள் வீட்டில் சிடி ஓடுகிற ஒரே இடம் அப்பாவின் பழைய கார். அந்த ஸ்டீரியோவுக்கு ஞாபக சக்தி கிடையாது, சாவியைத் திருப்பி அணைத்தால் மறுபடி முதல் பாட்டிலிருந்துதான் தொடங்கும், அடுத்த பாட்டுக்குப் போகிற பட்டன் வேறு உள்ளே போய்விட்டது. ஆகவே குழித்துறையிலிருந்து நாகர்கோவில் கிளம்பினால் மார்த்தாண்டம் மேம்பாலம் முழுக்க 'பேக் டு ஸ்கூல்'தான். பம்மத்தில் இறங்கும்போதுதான் உண்மையான ஆல்பம் ஆரம்பிக்கும். 'ஃபெய்ட்டிசெய்ரா' எந்த முன்னுரையும் இல்லாமல் கிட்டாரைக் கீறிக்கொண்டு கிளம்புகிற பாட்டு. அதுதான் முதலில் வந்திருக்க வேண்டியது.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோவில் பள்ளிக்கூடக் கூட்டாளிகள் 1988-இல் ஆரம்பித்த குழு. கிட்டார் வாசிக்கும் ஸ்டீஃபன் கார்ப்பென்டர் 15 வயதில் ஸ்கேட்போர்டில் போகும்போது கார் மோதி, மாதக்கணக்கில் சக்கர நாற்காலியில் கிடந்தார், கிட்டார் கற்றுக்கொண்டது அப்போதுதான், வாத்தியார் யாரும் இல்லை, மெட்டாலிகா, ஆந்த்ராக்ஸ் பாட்டுகளைப் போட்டு கூடவே வாசித்துப் பழகியிருக்கிறார். 1995-இல் முதல் ஆல்பம், 1997-இல் இரண்டாவது. அதுவரைக்கும் கோர்ன் குழு வகையறாவோடு சேர்த்து நு-மெட்டல் (மெட்டலில் ராப் கலந்த பாணி) என்று ஒரே மூட்டையில் கட்டி வைத்திருந்தார்கள். மூன்றாவதான இதில்தான் மூட்டை அவிழ்ந்தது. சீனோவும் கிட்டாரை எடுத்தார், அதனால் ஸ்டீஃபனோடு உரசல், ஃபிராங்க் டெல்கடோ டர்ன்டேபிளோடு (டிஜேக்கள் இசைத்தட்டு சுழற்றும் கருவி) முழுநேர ஆளாகச் சேர்ந்தார். கீழே கிட்டார் பாறை உருட்டும், மேலே சீனோ காதோரம் ரகசியம் சொல்வது போலப் பாடிக்கொண்டிருப்பார், எந்த நிமிடம் கத்துவார் என்று சொல்ல முடியாது.

'டிஜிட்டல் பாத்' பாட்டில் ஏப் கன்னிங்ஹாமின் டிரம்ஸைக் கேளுங்கள். நம்மூர் திருவிழாவில் சிங்காரி மேளம் பக்கத்தில் நின்று கேட்டவர்களுக்குத் தெரியும், அடி விழுந்த பிறகு தோல் ஒரு கணம் அதிர்ந்துகொண்டே இருக்கும், அந்த அதிர்வு இந்தச் சிடியில் அப்படியே இருக்கிறது. போனில் கேட்டபோது எனக்கு அது கிடைக்கவே இல்லை. 'எலீட்' 2001-இல் கிராமி வாங்கியது, என் கணக்கில் இந்த ஆல்பத்திலேயே சுமாரான பாட்டு அதுதான், விருதுக்காரர்களுக்கும் எனக்கும் ஒத்துப்போகாது. 'நைஃப் பார்ட்டி'யின் நடுவில் ஒரு பெண் குரல் எழும், ஒப்பாரிக்கும் ஆலாபனைக்கும் இடையில், சொல்லே இல்லாமல். தக்கலை சிக்னலில் அது வந்தபோது பின்சீட்டிலிருந்து அம்மா, "மக்களே, யாருக்கு என்னடே ஆச்சு?" என்றார். அதற்கு முன்னால் 'டீனேஜர்' ஓடும்போது மட்டும், "இது கொள்ளாம்" என்று ஒரு சான்றிதழ் கொடுத்திருந்தார். சத்தமே போடாத பாட்டு அது ஒன்றுதான்.

வில்லுக்குறி தாண்டினால் 'பாசஞ்சர்'. டூல் குழுவின் மேனார்ட் ஜேம்ஸ் கீனனும் சேர்ந்து பாடியது. ராத்திரியில், மழையில், வைப்பர் ஓட, கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்க வேண்டும், நமக்குத்தான் வருடத்துக்கு இரண்டு பருவமழை இருக்கிறதே. இந்தப் பாட்டில் எனக்குக் காது போவது பேஸ் கிட்டாரின் பக்கம்தான். வாசித்தவர் சீ செங். 2008 நவம்பரில் கார் விபத்து, சீட் பெல்ட் போட்டிருக்கவில்லை, அதன் பிறகு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை, 2013 ஏப்ரலில் இறந்துபோனார். விபத்து நடந்தபோது கையில் இருந்த 'ஈரோஸ்' ஆல்பத்தைக் குழு அப்படியே மூடி வைத்துவிட்டு, செர்ஜியோ வேகாவை பேஸுக்குச் சேர்த்துப் புதிதாகத் தொடங்கி, 2010-இல் 'டைமண்ட் ஐஸ்' கொண்டுவந்தது. முதல் தடவை இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்ட அன்று பக்கத்து சீட்டில் அப்பா பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் மாட்டி உட்கார்ந்திருந்தார், அலாரம் அடிக்காமல் இருக்க. எடுத்து ஒழுங்காகப் போட வைத்தேன். சுங்கான்கடை வரை முணுமுணுத்தார்.

கடைசிப் பாட்டு 'பிங்க் மேகிட்' பார்வதிபுரம் நெரிசலில் முடியும். அதில்தான் எரிச்சல் உச்சம். மெதுவாக, இழுத்து இழுத்து வந்து திறக்கிற இடம் ஒன்று உண்டு, அந்த மெட்டை மேம்பாலத்திலேயே கேட்டுத் தொலைத்திருப்போம், பிறகு என்ன சுவாரசியம்.

சிடியில் கீறல் இல்லை, எங்கும் திக்கவில்லை. உள்ளே இருந்த தாளில் பூஞ்சைப் புள்ளிகள், நம்மூர் ஈரத்துக்கு இன்னும் பரவும் என்பதால் செருப்புப் பெட்டியில் வந்த சிலிக்கா பாக்கெட்டைக் கூடப் போட்டு வைத்திருக்கிறேன். விற்றவரிடம் கேட்டதற்கு, "ஒரு பாட்டு எக்ஸ்ட்ரா தானே சார்" என்றார். திருப்பி அனுப்பும் செலவு என் தலையில் என்றார். பேசிப் பேசி 150 ரூபாய் திரும்ப வாங்கினேன்.

ஆல்பத்துக்கு ஐந்துக்கு ஐந்து, விற்பனையாளருக்கு ஒன்றரை. யாரிடமாவது ஜூன் பதிப்பு, 11 பாட்டு உள்ளது, சும்மா கிடந்தால் சொல்லுங்கள். இதையும் தந்து மேலே 200 ரூபாயும் தருகிறேன், மார்த்தாண்டமோ தக்கலையோ நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன், கூரியர் மட்டும் வேண்டாம்.