மூடாக்கு போடும் வேலை: மூட்டைக் கணக்கா, சதுர அடிக் கணக்கா?

தோட்டம் அமைக்கும் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள்: மூடாக்காக, அதாவது செடிகளைச் சுற்றி மண்ணை மூட, தேங்காய் மட்டைச் சில்லு போட மூட்டைக்கு இவ்வளவு என்பதா, சதுர அடிக்கு இவ்வளவு என்பதா?

விலை சொல்வது
மூட்டை: சுலபம். போனிலேயே சொல்லிவிடலாம்.
சதுர அடி: நேரில் போய் டேப் பிடிக்க வேண்டும். 100 சதுர அடிக்கு 3 அங்குல கனம் என்றால் 25 கன அடி, அதாவது சுமார் 700 லிட்டர் சரக்கு.

லாபம்
மூட்டை: இங்கேதான் கை கடிக்கும். ஒரு மாடித் தோட்டத்துக்கு மூட்டைக் கணக்கில் ஒப்புக்கொண்டேன். லிஃப்டில் சரக்கு ஏற்ற விடவில்லை. இரண்டு ஆட்கள் மூன்று மாடி சுமந்தார்கள். வைத்த லாபம் முழுக்கக் கூலிக்கே போயிற்று. இன்னொன்று, 100 ரூபாய்ச் சரக்கை 130க்கு விற்றால் விற்பனையில் லாபம் 30 சதவீதம் அல்ல, 23தான். 30 சதவீதம் நிற்க வேண்டுமானால் 143க்கு விற்க வேண்டும்.
சதுர அடி: களையெடுப்பு, வண்டி வாடகை, சுமைகூலி எல்லாம் விலைக்குள்ளேயே அடங்கும்.

தகராறு
மூட்டை: எண்ணிப் பார்த்துக்கொள்வார்கள், பேச்சே இல்லை.
சதுர அடி: கனம் குறைவு என்பார்கள். கனத்தை எழுத்தில் கொடுத்து, முடிந்ததும் அவர்கள் முன்னாலேயே ஸ்கேலைச் செருகிக் காட்டுங்கள்.

சரக்கை இறக்கிவிட்டு வருவதோடு சரி என்றால் மூட்டைக் கணக்கு. பரப்பி முடித்துக் கொடுப்பதானால் சதுர அடிக் கணக்குதான். மாடி என்றால் மட்டும், எந்தக் கணக்கானாலும், சுமைகூலியைத் தனியாகவே எழுதுங்கள்.