கலங்கரை விளக்கம் சேர்ப்பவருக்கு ஸ்டாம்பா, கார்டா?

கலங்கரை விளக்கம் சேர்க்கிறேன் என்று சொன்னதுமே தபால் ஸ்டாம்பா படப் போஸ்ட்கார்டா என்று கேட்பார்கள். இரண்டும்தான் என்று பதில் சொல்கிறவர் அநேகமாக இன்னும் ஆரம்பிக்காதவர். நானும் அப்படிச் சொன்னவன்தான். இரண்டு வருஷத்தில் பாதி நிரம்பிய ஆல்பம் ஒரு பக்கம், செருப்புப் பெட்டியில் குவிந்த போஸ்ட்கார்டுகள் ஒரு பக்கம், எதில் எது இருக்கிறது என்று எனக்கே தெரியாத நிலை. இரண்டிலும் அதே கோபுரம்தான் வருகிறது என்றாலும், தேடுவது, வாங்குவது, பத்திரப்படுத்துவது எல்லாமே தனித்தனி வேலை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் கார்டுக் கட்சி. அதற்காக ஸ்டாம்ப் ஜெயிக்கிற இடங்களை மறைக்கப் போவதில்லை.

ஸ்டாம்பில் பெரிய நிம்மதி, கணக்கு முடியும் என்பது. அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 1990-ல் ஐந்து கலங்கரை விளக்கங்களோடு ஒரு புக்லெட் வந்தது. அப்புறம் 1995-ல் பெரிய ஏரிகள், 2003-ல் தென்கிழக்குக் கரை, 2007-ல் பசிபிக், 2009-ல் வளைகுடாக் கரை, 2013-ல் நியூ இங்கிலாந்து, 2021-ல் மிட் அட்லாண்டிக், ஒவ்வொன்றிலும் ஐந்து. இந்தத் தொடரில் மொத்தம் 35 ஸ்டாம்ப், அவ்வளவுதான். ஹோவர்ட் காஸ்லோ என்ற ஒரே ஓவியரின் கை என்பதால் அடுக்கி வைத்தால் ஒரு குடும்பம் மாதிரி இருக்கும். அவர் 2016-ல் இறந்துவிட்டார், 2021 செட் அதற்குப் பிறகு அவருடைய ஓவியங்களை வைத்தே வந்தது. ஜெர்மனி 2004-லிருந்து கலங்கரை விளக்கத் தொடர் ஒன்றை நடத்துகிறது, அந்த முதல் வருஷத்திலேயே கடலுக்கு நடுவில் நிற்கும் ரோட்டர் சாண்ட் வந்துவிட்டது. இந்தியா 1985-ல் மினிக்காய் கலங்கரை விளக்கத்தின் நூற்றாண்டுக்கு ஒரு ஸ்டாம்ப் போட்டது. எல்லாமே கேட்லாக்கில் இருக்கும், எண் இருக்கும், வாங்கியதற்கு டிக் போட்டுக்கொண்டே போகலாம். இந்த டிக் போடுகிற சுகத்துக்காகவே ஸ்டாம்ப் சேர்ப்பவர்கள் நிறையப் பேர் உண்டு, அதில் தப்பும் இல்லை.

இன்னொன்றும் ஸ்டாம்புக்கே உரியது: கேமரா வருவதற்கு முன்பே அழிந்துபோன கோபுரங்கள். பிரிட்டன் 1998 மார்ச்சில் ஐந்து ஸ்டாம்ப் போட்டது. அதில் ஒன்று எடிஸ்டோன் பாறையில் 1698-ல் முதன்முதலாக ஏற்றிய விளக்கு. அதைக் கட்டிய ஹென்றி வின்ஸ்டன்லி, 1703 பெரும்புயல் அடித்த இரவில் அதற்குள்ளேயே இருந்தார், கோபுரமும் போயிற்று, அவரும் போனார். அதற்கு ஃபோட்டோ கார்டு எந்தக் காலத்திலும் கிடைக்காது. பண்டைய எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவில் நின்ற பாரோஸ் கலங்கரை விளக்கத்தின் கதையும் இதுதான், ஓவியர் கற்பனையில் பார்த்தால் உண்டு.

சரி, கார்டுக்கு வருவோம். ஸ்டாம்ப் சின்னது என்பதை ஒரு குறையாகச் சொல்ல மாட்டேன், லென்ஸ் எதற்கு இருக்கிறது. என் பிரச்சினை வேறு: கலங்கரை விளக்க ஸ்டாம்ப் பெரும்பாலும் நெட்டுக்குத்தாக இருக்கும், கோபுரம் அதை மேலிருந்து கீழ்வரை அடைத்துக்கொள்ளும், கடல் ஓரத்தில் ஒரு நீலக் கோடாகச் சுருங்கிவிடும். நம் சொல்லையே பாருங்கள். காகம் கரைகிறது என்கிறோமே, அந்தக் கரைதல்தான், அதாவது அழைத்தல். கலத்தைக் கரைந்து அழைப்பது கலங்கரை விளக்கம். கூப்பிடுகிற தூரமும் கூப்பிடப்படுகிற கடலும் படத்தில் இல்லாவிட்டால் அது வெறும் உயரமான கட்டடம்.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் அமெரிக்காவின் கேப் ஹேட்டரஸ். கறுப்பு வெள்ளைப் பட்டை சுற்றிச் சுற்றி ஏறும் அந்தக் கோபுரத்தை 1870-ல் கட்டியபோது கடல் சுமார் 450 மீட்டர் தள்ளி இருந்தது. நூறு வருஷத்தில் 40 மீட்டருக்குள் வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் 1999-ல் கோபுரத்தை முழுசாகத் தூக்கி, தண்டவாளத்தில் வைத்து நகர்த்தி, சுமார் 880 மீட்டர் உள்ளே கொண்டுபோய் நிறுத்தினார்கள். 1990 புக்லெட்டில் இதற்கும் ஒரு ஸ்டாம்ப் உண்டு. அதை எவ்வளவு நேரம் பார்த்தாலும் இந்தக் கதையில் ஒரு வரி கிடைக்காது. ஆனால் என்னிடம் இருக்கும் நான்கு கார்டுகளை வரிசையாக வைத்தால் மணல் குறைந்துகொண்டே வருவது தெரியும், மூன்றாவதில் அலை கிட்டத்தட்ட வாசலுக்கு வந்துவிடும், நான்காவதில் சுற்றிலும் மரம், கடலையே காணோம். டென்மார்க்கின் ரூப்யர்க் க்னூட் இதைவிட நல்ல வேட்டை. 1900-ல் ஏற்றிய விளக்கை 1968-ல் அணைத்துவிட்டார்கள், காரணம் மணல்மேடு, கோபுரத்துக்கும் கடலுக்கும் நடுவே வளர்ந்து வெளிச்சத்தையே மறைத்துவிட்டது. பிறகு மேடு நகர்ந்துபோக, கடல் குன்றை அரித்துக்கொண்டு வர, 2019 அக்டோபரில் சக்கரம் வைத்து 70 மீட்டர் உள்ளே தள்ளினார்கள். ஒவ்வொரு பத்து வருஷத்துக்கும் ஒரு கார்டு கிடைத்தாலே மணல் மேலே ஏறி இறங்கும் கதை முழுக்க வந்துவிடும்.

பழைய கார்டில் படத்தைத் தாண்டியும் படிக்க விஷயம் இருக்கிறது. ஆரம்பத்தில் ஒரு பக்கம் முழுவதும் முகவரிக்கு மட்டும்தான், சேதியைப் படத்தின் மேலேயே எழுத வேண்டும். பின்பக்கத்தை இரண்டாகப் பிரித்துச் சேதிக்கும் இடம் விட்டது பிரிட்டனில் 1902-ல், அமெரிக்காவில் 1907-ல். கலங்கரை விளக்கக் கார்டில் வானம் நிறைய இருக்கும் என்பதால், அதற்கு முந்தைய கார்டுகளில் கோபுரத்தைச் சுற்றி வானம் பூராவும் கையெழுத்து. எனக்கு அப்படி ஒன்று கிடைத்தது, எழுதியவர் மேலே ஏறும்போது படிகளை எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டாராம், மிச்சத்தை நீ வந்து எண்ணிக்கொள் என்று முடித்திருக்கிறார். இன்னொன்று நிலா வெளிச்சக் கார்டு: கருநீல வானம், முழுநிலா, விளக்கிலிருந்து மஞ்சள் கதிர். லென்ஸ் வைத்துப் பார்த்தால் கோபுரத்தின் நிழல் புல்தரையில் கறுகறுவென்று விழுந்திருக்கிறது, அதுவும் நிலா இருக்கிற பக்கமே பார்த்து! பட்டப்பகலில் எடுத்த ஃபோட்டோவுக்கு அச்சகத்தில் நீலம் பூசி நிலா ஒட்டிய வேலை. அந்தக் காலத்தில் இது சர்வசாதாரணம், இரவில் படம் எடுப்பதைவிட வண்ணம் பூசுவது சுலபம்.

ஃபோட்டோவின் பலம் என்று பேசினால் லா ஜுமானை விட முடியாது. பிரான்ஸின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள கலங்கரை விளக்கம். 1989 டிசம்பர் 21 அன்று ஹெலிகாப்டரிலிருந்து ழான் கிஷார் எடுத்த படம். பின்னாலிருந்து எழும் அலை கோபுரத்தை இரண்டு பக்கமும் கட்டிப்பிடிக்கிறது, முன்னால் வாசற்படியில் காவலர் நிற்கிறார். ஹெலிகாப்டர் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தவர், நொடியில் உள்ளே பாய்ந்து பிழைத்துக்கொண்டார். போஸ்டராக உலகம் முழுக்கப் போன அந்தப் படம் ஒரு கார்டு அளவில் இருந்தாலே போதும், அந்த மனிதர் நிற்பது தெரியும். ஸ்டாம்ப் அளவுக்குச் சுருக்கினால் அவர் ஒரு புள்ளி.

கார்டின் தொல்லைகளையும் சொல்ல வேண்டுமே. முடிவே கிடையாது. ஒரே நெகட்டிவை வாங்கி நான்கு பதிப்பாளர்கள் நான்கு வண்ணத்தில் போட்டிருப்பார்கள், ஒன்றில் கூரை சிவப்பு, ஒன்றில் பச்சை, எது நிஜம் என்று கட்டடத்தைப் பார்த்தவருக்குத்தான் தெரியும். முழுமையான கேட்லாக் என்று ஒன்று இல்லை. நிஜ ஃபோட்டோ கார்டு என்று விற்பார்கள், அதை லென்ஸில் பார்த்துப் பழகவேண்டும்: புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சடித்தது, புள்ளியே இல்லாமல் சாம்பல் நிறம் மெல்ல மாறினால் ஃபோட்டோத் தாள். நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு மறுபதிப்பைப் பழைய கார்டு என்று நம்பி வாங்கிய பிறகு. பிறகு இடம். முன்னூறு ஸ்டாம்ப் ஒரு ஆல்பத்தில் அடங்கும், முன்னூறு கார்டுக்கு ஒரு அலமாரித் தட்டு வேண்டும். மூலை மடங்கும், பழுப்புப் புள்ளி விழும். ஐம்பதுகளுக்குப் பிறகு வந்த பளபளக் கார்டுகளில் முக்கால்வாசி, நீல வானம், வெள்ளைக் கோபுரம், அவ்வளவுதான். பத்துப் பார்த்தால் பதினொன்றாவது வேண்டாம்.

அதற்காக ஸ்டாம்ப் பாதுகாப்பான பொழுதுபோக்கு என்று நினைத்துவிடாதீர்கள். கலங்கரை விளக்கம் நன்றாக விற்கும் தலைப்பு, அதனால் எந்தத் தபால் நிலையத்திலும் விற்காத போலிகளும் ஏராளம். ஏதோ ஒரு நாட்டின் பெயரைப் போட்டு, அந்த நாட்டுக்கே தெரியாமல், ஒன்பது கோபுரங்களோடு ஷீட் அடித்து விற்கிறார்கள். கடலே இல்லாத தேசத்தின் பெயரில்கூட ஒன்று பார்த்தேன், சிரித்துவிட்டு வைத்துவிட்டேன், வேறொன்றில் ஏமாந்தும் இருக்கிறேன். உலகத் தபால் ஒன்றியம் 2002-லிருந்து டபிள்யூஎன்எஸ் என்ற எண்முறை வைத்திருக்கிறது, அதில் சேர்ந்திருக்கும் நாடு என்றால் ஷீட் அதில் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். அப்புறம் இந்த ஸ்டிக்கர் ஸ்டாம்ப். பழைய ஸ்டாம்பை உறையோடு வெட்டித் தண்ணீரில் போட்டால் கால் மணியில் மிதந்து வரும். அமெரிக்காவின் 2007, 2009 செட்களை அப்படிப் போட்டால் உறைத்தாள் கூழாகும், ஸ்டாம்ப் பிசினோடு அப்படியே இருக்கும். அவற்றைச் சுற்றிலும் விளிம்பு விட்டு உறைத்தாளோடு வெட்டி வைத்துக்கொள்வதே மேல்.

அச்சுப்பிழை வேட்டைக்கு மட்டும் ஸ்டாம்ப்தான். அந்த 1990 புக்லெட்டிலேயே வெள்ளை மை விழாமல் போனவை உண்டு, விலை எண்ணும் நாட்டின் பெயரும் காணாமல் வெறும் கோபுரப் படமாக நிற்கும். கார்டில் ஒரு நிறம் விழாமல் போனால் யாரும் கவனிக்க மாட்டார்கள், கவனித்தாலும் அதற்கு மதிப்புக் கூட்டமாட்டார்கள்.

எது கலங்கரை விளக்கம் என்ற சண்டை இரண்டு பக்கமும் உண்டு. சுதந்திர தேவி சிலை 1886 முதல் 1902 வரை அதிகாரபூர்வமாகக் கலங்கரை விளக்கமாகவே இருந்தது, அமெரிக்கக் கலங்கரை விளக்க வாரியத்தின் பொறுப்பில். அவளைச் சேர்த்துக்கொண்டால் ஸ்டாம்பிலும் மூழ்குவீர்கள், கார்டிலும் மூழ்குவீர்கள். நான் அவளை வெளியே நிறுத்திவிட்டேன். ஸ்டாம்புக்காரர்களுக்குக் கூடுதல் தலைவலி ஒன்று: கப்பல் ஸ்டாம்பின் மூலையில் கடுகளவு கோபுரம் தெரிந்தால் அது கணக்கில் வருமா வராதா? இதற்கு மணிக்கணக்கில் வாதாடுவார்கள்.

இரண்டையும் ஒரே இடத்தில் சேர்க்கிற வழியும் இருக்கிறது, மாக்சிமம் கார்டு. கலங்கரை விளக்கப் படக் கார்டின் படப் பக்கத்திலேயே அதே கலங்கரை விளக்கத்தின் ஸ்டாம்பை ஒட்டி, அந்த இடத்தோடு தொடர்புள்ள தபால் நிலையத்தில், ஸ்டாம்ப் வெளிவந்த நாளிலோ அதை ஒட்டியோ முத்திரை வாங்குவது. படம், இடம், காலம் மூன்றும் பொருந்த வேண்டும். கார்டில் குறைந்தது முக்கால்பாகம் படமாக இருக்க வேண்டும், ஒரு ஸ்டாம்ப்தான் ஒட்டலாம். ஸ்டாம்ப் வெளிவருவதற்கு முன்பே விற்பனையில் இருந்த கார்டாக இருந்தால் மதிப்பு அதிகம். ஸ்டாம்பையே பெரிதாக்கி அச்சிட்ட கார்டில் ஒட்டி வைப்பவர்களும் உண்டு, அது எனக்கு ஒரே ஆளை இரண்டு தடவை பார்ப்பது மாதிரி இருக்கும். கஷ்டமான வழிதான், தூரத்து ஊரின் தபால் நிலையத்துக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டும், வழியில் காணாமலும் போகும். ஆனால் வந்து சேர்கிற ஒன்று பத்து ஸ்டாம்புக்குச் சமம்.

ரேடியோக்காரர்களின் க்யூஎஸ்எல் கார்டை யாரும் இந்தப் பேச்சில் சேர்ப்பதில்லை. ஆகஸ்ட் மூன்றாவது முழு வார இறுதியில் ஹாம் ரேடியோக்காரர்கள், அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் ஒருவரோடு ஒருவர் பேசுகிறவர்கள், உலகம் முழுக்கக் கலங்கரை விளக்கங்களிலிருந்து பேசுவார்கள், பேசியதற்குச் சாட்சியாகப் படக் கார்டு அனுப்புவார்கள். கடையில் கிடைக்காத படங்கள் அதில்தான் வரும்.

புதிதாக ஆரம்பிப்பவருக்கு என் யோசனை: பிடித்த கோபுரம் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டு அதன் கார்டுகளில் ஆழமாகப் போங்கள், அதற்கு ஸ்டாம்ப் இருந்தால் அதையும் வாங்கி வரிசையில் வையுங்கள். டிக் போடாவிட்டால் தூக்கம் வராத ஆள் என்றால், தயங்காமல் ஸ்டாம்ப் பக்கம் போய்விடுங்கள், கார்டு உங்களைப் படுத்தி எடுத்துவிடும். எதுவானாலும் பிவிசி உறையில் வைக்காதீர்கள், அதிலிருந்து கசியும் பொருள் மையையும் பிசினையும் கெடுத்துவிடும். பாலிப்ரொப்பிலீன் என்று கேட்டு வாங்குங்கள்.

நான் இப்போது அமெரிக்கத் தென்கிழக்குக் கரையில் உள்ள மாரிஸ் ஐலண்ட் கலங்கரை விளக்கத்தின் வரிசையில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். 1876-ல் கட்டியபோது கோபுரத்தைச் சுற்றித் தீவு இருந்தது, காவலர் வீடுகள் இருந்தன, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம்கூட இருந்தது. எல்லாவற்றையும் கடல் எடுத்துக்கொண்டது, 1962-ல் விளக்கையும் அணைத்துவிட்டார்கள், இன்று தண்ணீருக்கு நடுவில் கோபுரம் மட்டும் சற்றுச் சாய்ந்து நிற்கிறது. 2003 ஸ்டாம்ப் இருக்கிறது, தண்ணீருக்கு நடுவில் நிற்கும் கார்டுகள் ஆறு இருக்கின்றன. வீடுகள் தெரிகிற கார்டு மட்டும் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் மாக்சிமம் கார்டு ஆக்குகிறேன் என்று அதன் மேல் ஸ்டாம்பை ஒட்டமாட்டேன். யாரிடமாவது இரண்டு இருந்தால் ஒன்று கொடுங்கள், பதிலுக்கு ரோட்டர் சாண்ட் ஸ்டாம்ப் இரண்டு தருகிறேன்.