துணிச் செக்கிங் கேமராவும் அதற்குப் பொறுப்பாளரும்: மூன்றாண்டு அனுபவம்

நிட்டிங் யூனிட் நடத்தும் நண்பர் ஒருவர், துணிப் பழுதைக் கண்டறியும் செயற்கை நுண்ணறிவுக் கேமராவை வாங்கிவிட்டு, அதை யாருடைய பொறுப்பில் விடுவது என்று சென்ற வாரம் கேட்டார். திருப்பூரில் எங்கள் யூனிட்டில் அதே வகைக் கேமரா மூன்றாண்டுகளாக ஓடுவதால் இதை எழுதுகிறேன்.

கேமராவின் பார்வையில் குறையில்லை. நள்ளிரவு ஷிப்டில் பின்னல் ஊசியின் கோளாறால் நீளவாக்கில் விழும், மனிதக் கண் தவறவிடும் மெல்லிய ஊசிக்கோட்டைக்கூட அது பிடித்துவிடும். ஆனால் முதல் இரண்டாண்டுகளும் என்னை வதைத்தது, கறுப்பும் வெள்ளையுமான இழைகள் கலந்த சாம்பல் நிற கிரே மெலாஞ்ச் துணி. கலப்பு நூலுக்கே உரிய கரும்புள்ளிகளைக் கறை என்று எண்ணிக் கேமரா ஓயாமல் ஒலியெழுப்ப, செக்கிங் பெண்கள் பார்க்காமலே 'பழுதன்று' என்ற பொத்தானை அழுத்தப் பழகிவிட்டார்கள். அந்தப் பழக்கத்தில் ஒருநாள் உண்மையான ஊசிக்கோடும் கடந்து போயிற்று. துணியின் பழுதுகளுக்கு அபராதப் புள்ளி போடும் நான்கு புள்ளி முறையில், நீளவாக்கில் தொடர்ந்து ஓடும் பழுதுக்குக் கஜத்துக்கு 4 புள்ளி விழும். 100 சதுர கஜத்துக்கு 40 புள்ளியைத் தாண்டினால் பொதுவாக பையர் ஏற்பதில்லை. அந்த லாட் முழுவதும் திரும்பி வந்தது.

அப்போது பொறுப்பு கணினிப் பிரிவிடம் இருந்தது. கேமரா நிற்காமல் ஓடியதா என்பதை அவர்களின் மாத அறிக்கை சரியாகவே சொன்னது; எத்தனை ரோல் திரும்பியது என்ற கணக்கு அதில் இல்லை, அதைக் கேட்கும் கடமையும் அவர்களுக்குத் தரப்படவில்லை. கறை எது, நூலின் இயல்பு எது என்று அறிந்த தரப்பிரிவுத் தலைவிக்கோ, கேமரா ஒரு பழுதுக்கு இட்ட பெயரை மாற்றவும் அனுமதி கிடையாது.

சென்ற ஆண்டு பொறுப்பு அவர் கைக்கு வந்தது. மெலாஞ்ச் ரோல்களை விளக்கு மேசையில் விரித்து, செக்கிங் பெண்களையும் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு வாரம் முழுக்க நூலின் கரும்புள்ளிகளைக் கறையிலிருந்து தனியே குறித்து, கேமராவுக்குக் கற்பித்தார். அடுத்த மாதமே வீண் ஒலி பெருமளவு அடங்கியது. பெண்கள் மறுபடியும் திரையைப் பார்க்கத் தொடங்கினார்கள். அமெரிக்காவின் கேப்பிடல் ஒன் வங்கி 2002-இலேயே, தரவுகளுக்குப் பொறுப்பேற்கவென்றே தலைமைத் தரவு அலுவலரை நியமித்தது என்பார்கள். எங்கள் அளவிலான யூனிட்டுக்குத் தனிப் பதவி தேவையில்லை. சரக்கு திரும்பினால் பதில் சொல்ல வேண்டியவரிடம் அதிகாரம் இருந்தால் போதும்.

ஆனால் சென்ற மாதம் கணினி பழுதாகி, ரிப்பேருக்குப் பின் பார்த்தால் இரண்டு மாதக் குறிப்புகள் அழிந்திருந்தன. அவர் காப்புப் பிரதி எடுத்து வைக்கவில்லை. கணினிப் பிரிவின் கையில் இருந்தவரை ஒரு கோப்பும் தொலைந்ததில்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அன்று மாலை பொறுப்பைத் திரும்பக் கொடுத்துவிடலாம் என்றே நினைத்தேன். கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. ஆயினும் நண்பரிடம், கணினிப் பிரிவிடம் கொடுக்காதீர்கள், காப்புப் பிரதி எடுக்கும் வேலையை மட்டும் அவர்களிடம் விடுங்கள் என்றுதான் சொன்னேன்.