"ரிப்பேரை முடிச்சிருங்க, பில்லை அனுப்புங்க" என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள்

ஏற்காட்டில் வீடு வைத்துக்கொண்டு அதற்கு இன்சூரன்ஸும் கட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். நம் மலையில் பனி கொட்டிக் கூரை இடிவதில்லை. நமக்கு ஐஸ் வருவது கோடையில், ஆலங்கட்டியாக.

நாகலூர் பக்கம் அப்பா கட்டிய வீடு. முன்பக்கம் மங்களூர் ஓடு, பின்னால் சமையலறைக்கு சிமெண்ட் ஷீட். போன சித்திரையில் ஒரு மதியம் கால் மணி நேரம்தான் பெய்தது. முப்பது ஓட்டுக்கு மேல் போச்சு, ஷீட்டில் நாலு பொத்தல், மெத்தையும் டிவியும் ஊறிவிட்டன. அம்மா மட்டும் விவரமாக ஒரு டம்ளர் ஆலங்கட்டியை அள்ளி ஃப்ரீசரில் வைத்தார். மழை வந்தால் கரண்ட் போகும் என்பதை மறந்துவிட்டார். காலையில் டம்ளரில் தண்ணீர்தான் இருந்தது. போட்டோவும் யாரும் எடுக்கவில்லை.

சேலத்திலிருந்து ஏஜென்ட்டுக்குப் போன் போட்டேன். "கவலையே படாதீங்க சார். ரிப்பேரை முடிச்சிருங்க, பில்லை மட்டும் அனுப்புங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார். செவ்வாய்ப்பேட்டையில் ஷீட் வாங்கி, வண்டியில் இருபது கொண்டை ஊசி வளைவும் தாண்டி மேலே கொண்டுபோய், மூன்று நாளில் கூரையைப் புதுசாக்கினேன். செலவு 84,000 ரூபாய். அந்த மனிதர் க்ளெய்மைப் பதிவு செய்ததே ஆறாவது நாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

பதினோராவது நாள், கம்பெனிக்காகச் சேதத்தை மதிப்பிடுகிற சர்வேயர் வந்தார். அண்ணாந்து பார்த்துவிட்டு, "எல்லாம் புதுசா இருக்குது, நான் என்னத்தைங்க பாக்கறது?" என்றார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் அறிக்கையில் 'நாள்பட்ட விரிசல், பராமரிப்புக் குறைவு' என்று எழுதியதை எப்படி ஒப்புக்கொள்வது? கம்பெனி தர முன்வந்தது 11,400. கூடவே, முழுமையாகவும் இறுதியாகவும் பெற்றுக்கொண்டேன் என்று ஒரு வவுச்சர். "இப்போதைக்குக் கையெழுத்துப் போடுங்க சார், மீதியை அப்புறம் வாங்கித் தர்றேன்" என்றார் ஏஜென்ட். அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. இறுதி என்று எழுதிக் கொடுத்த பிறகு மீதி எங்கிருந்து வரும்?

என் பாலிசி பாரத் கிருஹ ரக்ஷா. 2021 ஏப்ரலிலிருந்து பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகள் எல்லாம் விற்கிற, ஒரே மாதிரி விதிகள் உள்ள வீட்டுப் பாலிசி. புயல் போன்ற இயற்கைச் சீற்றத்தில் சேதமானால் பணம் உண்டு, பழசாகித் தேய்ந்ததற்குக் கிடையாது. ஆக, ஓடு அன்றைக்கு உடைந்ததா, முன்பே உடைந்திருந்ததா என்பதுதான் சண்டையே.

அதற்கான விடை எங்கள் வீட்டு கேட் முன்னால் கிடந்தது. வேலைக்கு வந்தவர்கள் உடைந்த ஓடுகளையெல்லாம் பாதைக் குழியில் கொட்டியிருந்தார்கள். தோண்டி எடுத்துக் கழுவிப் பார்த்தேன். மேல்பக்கம் கறுத்துப் பாசி பிடித்திருக்கிறது, உடைந்த ஓரமோ செங்கல் சிவப்பாக, பளிச்சென்று. பழைய விரிசல் என்றால் அந்த ஓரத்திலும் கறுப்பு ஏறியிருக்கும். ஒரே ஒரு துண்டில் அப்படி இருந்தது. அதையும் மறைக்காமல் சேர்த்தே படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.

உங்களுக்கு இப்படி நடந்தால், ஐஸ் கரைவதற்குள் பக்கத்தில் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்துப் படமெடுங்கள். கம்பெனியின் நம்பருக்கு நீங்களே பேசி க்ளெய்ம் நம்பர் வாங்குங்கள், ஏஜென்ட்டிடம் சொன்னதோடு விட்டுவிடாதீர்கள். ஒழுகாமல் தார்பாய் போடலாம், போடவும் வேண்டும். ஆனால் சர்வேயர் பார்க்கும்வரை ஓடுகளை மாற்றாதீர்கள், உடைந்ததை எறியாதீர்கள். தகவல் பதிவான 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024-இல் சொல்லியிருக்கிறது. அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். நான் கேட்ட பிறகுதான் தந்தார்கள்.

வவுச்சரில் கையெழுத்துப் போடவில்லை. கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதிப் பத்தொன்பது நாள் ஆகிறது. ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் சென்னை தேனாம்பேட்டையில் இருக்கும், காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கிற இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் கிடையாது. ஓட்டுத் துண்டுகள் சிமெண்ட் சாக்கில் கட்டிலுக்கடியில் இருக்கின்றன. கூட்டுகிறவர் துடைப்பம்கூட அதில் படாமல் அம்மா பார்த்துக்கொள்கிறார்.